ஒரே பாத்திரத்து டீ

ஆனந்தமேரி: ...அதெல்லாம் எனக்குத் தெரியாது. ஒரே பாத்திரத்துல கொதிச்ச டீ. என் கூடப் பொறந்த தம்பிக்குச் சர்க்கர எறங்குது, எனக்கு ஏறுது. இது எந்த ஊரு நியாயம், வினோலியா?

வினோலியா: மதினி, மொதல்ல உக்காருங்க. உங்களுக்கு மூச்சு வாங்குது.

ஆனந்தமேரி: உக்கார நேரமில்ல. என் மகன் பிராங்கிளின், அவன் பொண்டாட்டிய வண்டியில ஏத்திக்கிட்டு இங்கதான் வாரான்.

ஞானதாஸ்: இங்க எதுக்குக்கா?

ஆனந்தமேரி: எதுக்கா? 'வீட்ல ஒரு சிட்டிக சீனி கெடையாது, சோத்தையும் அளந்துதான் போடுறோம். பெறகு எப்படி ஏறுது? தெனம் சாயங்காலம் மாமா வீட்ல அப்படி என்னத்தக் குடிக்கிற'ன்னு பெத்த பிள்ள என்னையக் கேக்குறான். டாக்டரு திங்கக்கெழமயில இருந்து ஊசிதான்னுட்டாரு. தெனம் வயித்துல ஊசி, ஞானம். எனக்குக் காது குத்தவே நாலு பேரு புடிச்சாங்க.

ஞானதாஸ்: அதுல பெரியப்பா கையில உன் பல்லுத் தடம் கடைசி வரைக்கும் இருந்துச்சு.

ஆனந்தமேரி: சிரிக்காதலே. அவன் வந்ததும் நீங்க ரெண்டு பேரும் ஒண்ணே ஒண்ணு சொல்லணும். 'அம்மாவுக்கு இந்த இலை ஒத்துக்கல.' அம்புட்டுத்தான். மேல ஒரு வார்த்த பேசக் கூடாது.

வினோலியா: இலை... ஒத்துக்கலன்னா?

ஆனந்தமேரி: சில பேருக்குக் கத்திரிக்கா ஒத்துக்கிறதில்லையா, அதுமாதிரி.

ஞானதாஸ்: அதெப்படிக்கா? சீனித்துளசி உனக்கு என்னா தப்பு செஞ்சுச்சு? சிறுமலை அடிவாரத்து நர்சரியில இருந்து மடியில வச்சுக் கொண்டாந்த செடி. என்னையப் பாரு. மூணு மாசத்துல டாக்டரு எந்திரிச்சு நின்னு கை குடுக்குறாரு. 'அப்படி என்ன சாப்பிடுறீங்க ஞானதாஸ்'ன்னாரு. 'சீனிக்குப் பதிலா எங்க வீட்டம்மா போடுற இலை டீ, சார்'ன்னேன். கடைக்கு வர்றவங்ககிட்டயும் அதான் சொல்றேன்.

வினோலியா: எல்லார்ட்டயுமா சொல்றீங்க?

ஞானதாஸ்: ஆணி வாங்க வர்றவன்கூட இலையப் பத்திக் கேட்டுட்டுத்தான் போறான். நம்ம கடைக்கு வர்ற சங்கிலி, சர்க்கர மாத்திரையவே நிறுத்தப் போறேங்கிறான்.

வினோலியா: என்னங்க இது... மாத்திரைய எதுக்கு நிறுத்தணும்? நான் அப்படிச் சொன்னனா? டாக்டரு சொன்னாரா?

ஞானதாஸ்: நீ ஏன் இந்தப் பதறு பதறுற?

வினோலியா: நான் எங்க பதறுறேன்.

ஆனந்தமேரி: சங்கிலி கதைய அப்புறம் பேசலாம். ஒரு கொப்பு ஒடிச்சுக் குடு. பிராங்கிளின்ட்ட காட்டி 'இந்தச் சனியன்தான்டா காரணம்'ன்னு சொல்லிக்கிடுறேன்.

வினோலியா: செடி பின்னாடி இருக்கு. நான் போய் ஒடிச்சுட்டு வாரேன், நீங்க இருங்க.

ஞானதாஸ்: நீ இரு, நான் போறேன்.

வினோலியா: நீங்க எதுக்கு?

ஞானதாஸ்: நீ எதுக்கு?

ஆனந்தமேரி: ஒரு கொப்பு ஒடிக்க ரெண்டு ஆளா? தள்ளுங்க, நானே போறேன்... அடியாத்தி. என்னடி இது, செடியா புதரா? இடுப்பு ஒசரத்துக்கு மண்டிக் கெடக்கு.

வினோலியா: அது... பறிக்கப் பறிக்கத் தழையும் மதினி.

ஆனந்தமேரி: தழையட்டும், நல்லாத் தழையட்டும். நான் ஒண்ணும் கேக்கல.

ஞானதாஸ்: அக்கா, ரொம்பக் கிட்டப் போகாத.

ஆனந்தமேரி: ஏன், கடிக்குமா... ஸ்ஸ். கடிக்குதுலே. தொட்டியச் சுத்தி எம்புட்டு எறும்பு. தேர் பாக்கப் போற கூட்டம் மாதிரில்ல போகுது.

ஞானதாஸ்: இனிப்புச் செடில்லக்கா. எறும்பு வராதா பின்ன.

வினோலியா: என்னங்க... இந்த மண்ணு மேல என்னமோ வெள்ளையா காஞ்சு கெடக்கே. பாலாடை மாதிரி.

ஞானதாஸ்: எங்க?

வினோலியா: இந்தா. இங்க. இந்தப் பக்கமும்.

ஞானதாஸ்: நேத்து மழை பெஞ்சுச்சுல்ல.

வினோலியா: பாலாவா பெஞ்சுச்சு?

ஞானதாஸ்: பூனை ஏதாச்சும் கொட்டியிருக்கும்.

வினோலியா: தெனம் 'காத்தாடக் குடிச்சுட்டு வாரேன்'ன்னு கிளாஸ எடுத்துக்கிட்டு இங்கதான வருவீங்க?

ஞானதாஸ்: மொத நாள் குடிச்சேன், வினோலியா. சத்தியமாக் குடிச்சேன். நாக்குல இனிப்பு, தொண்டையில கசப்பு. போயிருச்சுன்னு நெனச்சா ராத்திரி செபம் சொல்லும்போது திரும்ப வருது இனிப்பு. நீ வேற பக்கத்துலயே நின்னு 'எப்படி இருக்கு, எப்படி இருக்கு'ன்ன. அமிர்தம்னுட்டேன். வாயால அமிர்தம்னு சொல்லிட்டு, பெறகு வேண்டாம்னு எப்படிச் சொல்ல?

வினோலியா: அதனால?

ஞானதாஸ்: மறுநாள்ல இருந்து செடிக்கு ஊத்திட்டேன். அது குடுத்தத அதுக்கே குடுத்தேன்.

ஆனந்தமேரி: மூணு மாசமா ஒரு மடக்குகூடக் குடிக்கல?

ஞானதாஸ்: மோந்துகூடப் பாக்கலக்கா.

வினோலியா: அப்ப வெளிய குடிச்சிருக்கீங்க. சேக் பரீது பாய் கடையில.

ஞானதாஸ்: அதுக்குத்தான் போனேன். நீதான் எனக்கு முந்திப் போய், 'பாய், எங்க வீட்டுக்காரருக்குச் சீனி போடாதீங்க'ன்னு சொல்லி வச்சிருக்கியே. அவரு பக்கத்துக் கடைக்கும் சொல்லிட்டாரு. இந்தத் தெருவுல எங்க கேட்டாலும் எனக்கு வெறும் கஷாயம்தான் வருது. வடை கேட்டா 'உங்க வீட்டு டீச்சரம்மா திட்டுவாங்க'ங்கிறாங்க.

வினோலியா: அதான் எறங்கியிருக்கு. இலையும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல.

ஞானதாஸ்: கோவிச்சுக்கிடாத. நீ அம்புட்டு ஆசையா இலையப் பறிச்சு, காய வச்சு, இடிச்சு... செத்த இரு. இலை டீக்கு எறும்பு வராதுன்னு நீதான சொன்ன? குடிச்ச கிளாஸ அப்படியே போட்டு வச்சாலும் ஒரு எறும்பு எட்டிப் பாக்காதுன்னு?

வினோலியா: சொன்னேன்...

ஞானதாஸ்: பின்ன நான் ஊத்துன டீக்கு இது எதுக்கு வருது?

ஆனந்தமேரி: எறும்பு கெடக்குது விடுலே. அதுக்கு என்ன வேல, வரும் போகும். பிராங்கிளின் வந்துருவான். இலை ஒத்துக்கல. சொல்லிப் பாருங்க ஒருக்கா.

ஞானதாஸ்: செடியிலயும் பறிச்ச காம்பு ஒண்ணுகூடக் காணமே, வினோலியா.

வினோலியா: மதினி... நான் உங்க கால்லதான் விழணும். அது இலை டீயே இல்ல. சீனி.

ஞானதாஸ்: என்னாது?

வினோலியா: அமிர்தம்னு சொன்னப்ப உங்க மூஞ்சியப் பாத்தேங்க. எங்கப்பா அடக்கத்துக்குக்கூட நீங்க அப்படி மூஞ்சிய வச்சுக்கிடல. மனசு கேக்கல. நானும் அதே டீயத்தான குடிக்கணும்... மறுநாள் சீனியப் போட்டுட்டு 'இன்னைக்கு எப்படி'ன்னு கேட்டேன். 'நேத்தவிட அருமை'ன்னீங்க.

ஞானதாஸ்: குடிக்காமலே சொன்னேன்.

வினோலியா: நான் இலையப் போடாமலே கேட்டேன். ரெண்டு வாரத்துல ரத்தம் குடுத்துப் பாத்தா எறங்கியிருக்கு. சரி, மாதா கண்ணத் தொறந்துட்டாங்கன்னு விட்டுட்டேன்.

ஞானதாஸ்: அப்ப... மூணு மாசமா நல்ல டீயையா ஊத்தியிருக்கேன்? சீனி, ஏலக்கா எல்லாம் போட்டத?

வினோலியா: இஞ்சியும் போட்டேன்.

ஞானதாஸ்: அடப் பாவி. ஒரு வார்த்த சொல்லியிருந்தா குடிச்சிருப்பேனே.

வினோலியா: குடிச்சிருந்தா திங்கக்கெழம ஊசி உங்களுக்கு.

ஞானதாஸ்: அதுவும் சரிதான். சங்கிலிக்கு இப்பவே போன் போட்டு, மாத்திரையத் தொடாதலேன்னு... இல்ல, விடாம முழுங்குலேன்னு சொல்லணும். ஆணி வாங்குனவனுக எல்லாரையும் எங்க போய்த் தேடுவேன்.

வினோலியா: மதினி, என்னைய நாலு அறை அறைஞ்சிருங்க. பிராங்கிளின் காலு வீட்டுக்குள்ள படுறதுக்கு முன்னாடியே நான் உண்மையச் சொல்லிருறேன். ஏத்துனது என் சீனிதான்னு தெரிஞ்சா டாக்டரு ஊசிய நிறுத்திருவாரு. டீய விட்டாப் போதும்பாரு.

ஆனந்தமேரி: வேண்டாம், சொல்லாத.

வினோலியா: ஊசி வேண்டாம்னு நீங்கதான...

ஆனந்தமேரி: ஊசியும் வேண்டாம். சொல்லவும் வேண்டாம். இலைன்னே இருக்கட்டும்.

ஞானதாஸ்: ஏன்க்கா, இவதான் தப்ப ஒத்துக்கிடுறால்ல?

ஆனந்தமேரி: ஒத்துக்கிட வேண்டாம்ங்கிறேன்ல.

வினோலியா: நீங்க ஒரு பாவமும் அறியாம தெனம் ரெண்டு கிளாஸ் வாங்கிக் குடிச்சீங்க, மதினி.

ஞானதாஸ்: பொறு வினோலியா. ரெண்டு கிளாஸா? நான் ஒரு மடக்குக் குடிச்சே ஓடுனேன்... அக்கா, இந்தா, இந்த இலைய மெல்லு.

ஆனந்தமேரி: எதுக்குலே... த்தூ. கருமம். கசக்குது.

ஞானதாஸ்: இதுக்கு முன்னாடி எங்க வீட்டு டீ என்னைக்காவது இப்படிக் கசந்துச்சா?

ஆனந்தமேரி: தெரு முக்குல வண்டிச் சத்தம் கேக்குது.

வினோலியா: மதினி... உங்களுக்குத் தெரியுமா?

ஆனந்தமேரி: நான் இங்க வந்து குடிச்ச மொத நாள், மொத மடக்குலயே தெரியும்டி. அங்க மருமக தீபா சீனி டப்பாவ பீரோவுக்குள்ள வச்சு, பேரு போன நம்ம ஊருப் பூட்டாப் பாத்து ஒண்ணு போட்டு, சாவியத் தாலிச் சங்கிலியில கோத்துத் தொங்க விட்டிருக்கா, நான் வேற எந்த வீட்டுக்குப் போவேன். சீனின்னு தெரிஞ்சா பிராங்கிளின் என்னைய இங்க வரவும் விட மாட்டான்... நாளையில இருந்து அந்தக் கருமம் புடிச்ச இலையவே போடு, குடிச்சுத் தொலைக்கிறேன். அவன் வண்டிய நிப்பாட்டி உள்ள வாரதுக்குள்ள, அடுப்புல இருக்கிறதச் செத்த ஆத்திக் குடு.