சுபநேரத்தில் அழிந்த இலக்கங்கள்

தலைமைக் கதிரையில் வீற்றிருக்கும் கடற்றொழிலாளர் சமாசத் தலைவர் அருளம்பலம் ஐயா அவர்களே! அவருக்கு இடமும் வலமுமாய் அமர்ந்து, இன்னும் என் முகத்தை நிமிர்ந்து பார்க்காத நிருவாகக் குழுவினரே! சல்லியிலிருந்தும் நிலாவெளியிலிருந்தும் வெயிலோடு வந்து வேர்வையோடு இருக்கும் பெரியோர்களே! மூதூரிலிருந்து வந்து சேர்ந்த சகோதரர்களே! கடலுக்குப் போனவர் கரை சேரும்வரை கண்ணயராத என் தாய்மாரே, அக்காமாரே, தங்கச்சிமாரே! உங்கள் அனைவருக்கும் இறக்கக்கண்டி மாதர் சங்கச் செயலாளர் சிவாஜினியின் வணக்கம்.

என்னை எதற்காக இந்த மேடைக்கு அழைத்தார்கள்? ஒரு தீர்மானத்தை வழிமொழிய அழைத்தார்கள். சற்று முன் உங்கள் காதிலே விழுந்த அதே தீர்மானம். ‘காற்று எச்சரிக்கைச் சேவையின் கணினிக்குப் பொறுப்பான செல்வி கீர்த்தனி கவனயீனமாக நடந்தபடியால் அவரை வேலையிலிருந்து நீக்குவோம்’ என்ற தீர்மானம். அன்று எச்சரிக்கை கிடைக்காமல் காற்றிலே கவிழ்ந்த வள்ளம் என் கணவர் கஜீபனுடையது. கவிழ்ந்தவனின் மனைவியே எழுந்து நின்று ‘ஓம், நீக்குங்கோ’ என்று சொல்லிவிட்டால் கதை முடிந்தது, கைதட்டலோடு கலைந்து போகலாம் என்று நினைத்திருக்கிறார்கள்.

நினைப்புப் பிழைத்துவிட்டது, ஐயா! நான் வழிமொழிய வரவில்லை. வழக்காட வந்திருக்கிறேன். அந்தப் பிள்ளைக்காக வழக்காட வந்திருக்கிறேன். என் நெஞ்சு கொதிக்கிறது. கொதிப்பதை மூடி வைத்துப் பேச எனக்குத் தெரியாது. ஒலிபெருக்கிக்காரர் அண்ணை, சத்தத்தைக் குறைக்க வேண்டாம். குறைத்தாலும் என் குரல் கடற்கரை வரைக்கும் கேட்கும்.

கீர்த்தனி செய்யும் வேலை என்னவென்று தெரிந்துகொண்டா அவளை நீக்கப் புறப்பட்டீர்கள்? காற்று எச்சரிக்கை வந்தால் எங்கள் சமாசத்துக் கணினி அதை ஒவ்வொரு படகுக்காரரின் வீட்டுக்கும் கைபேசிச் செய்தியாக அனுப்பும். வீட்டிலிருந்து நாங்கள் கடலிலே நிற்பவருக்குச் சொல்வோம். அந்தச் செய்தியை அனுப்பும் செயலியைத் திருத்தி எழுதுவதற்குச் செயற்கை நுண்ணறிவுக் கருவி ஒன்றை எடுத்தோம். தமிழிலே சொன்னாலும் விளங்கும், தானாகவே நிரல் எழுதும். கெட்டிக்காரக் கருவி, மறுக்கவில்லை. ஆனால் கெட்டிக்காரன் ஒருவன் வாசலுக்கு வந்தான் என்பதற்காக பூட்டெல்லாம் திறக்கிற வீட்டுத் திறப்புக் கோர்வையை அவன் கையிலே கொடுத்துவிடுவோமா?

கீர்த்தனி கொடுக்கவில்லை! கறுப்புத் திரையின் முன்னே இருந்து ஒரு வரிக் கட்டளை தட்டுவாள். உடனே கணினிக்குள்ளே தற்காலிகக் கொள்கலன் ஒன்று உருவாகும். என்ன, முனீப் நாநா? ஓம், ஓம், பெயர் அதேதான். ஆனால் துறைமுகத்திலே கிரேன் தூக்கும் இரும்புப் பெட்டி இல்லை. நாலு பக்கமும் அடைத்த ஓர் அறை என்று வைத்துக்கொள்ளுங்கள். செயலியின் பிரதி ஒன்றை அந்த அறைக்குள்ளே வைப்பாள். கருவியை உள்ளே விடுவாள். வெளியே போகும் வழியை அடைப்பாள். உங்கள் உண்மையான தொலைபேசி இலக்கங்களை அதன் கண்ணிலும் காட்டமாட்டாள்; பொய் இலக்கங்களைக் கொடுத்துப் பழக்குவாள். உள்ளே அது எழுதட்டும், கிழிக்கட்டும், கவிழ்த்துக் கொட்டட்டும். வெளியே ஒரு துரும்பும் அசையாது. முடிந்ததும் வரி வரியாக வாசித்து, நல்லதை மட்டும் எடுத்துக்கொள்வாள். இன்னொரு கட்டளை, அந்த அறையே இல்லாமல் போய்விடும். பின்னேரம் வீட்டுக்குப் போகுமுன் திறந்த அறைகளையெல்லாம் திரையிலே வரவழைத்து, மறந்து விட்டது ஏதும் கிடக்கிறதா என்று பார்த்துத் துடைத்துவிட்டுத்தான் எழும்புவாள்.

இது என்ன வீண் வேலை, கட்டுவதும் இடிப்பதும் என்று குழுவிலே சிரித்தீர்களாமே! சிரித்தவரைக் கேட்கிறேன். புது எஞ்சின் வாங்கினால் நேரே வள்ளத்திலே பூட்டிக்கொண்டா ஆழத்துக்குப் போகிறீர்கள்? பீப்பா நிறையத் தண்ணீர் விட்டு, எஞ்சினின் வாலை அதற்குள்ளே இறக்கி, ஓட்டிப் பார்க்கிறீர்களா இல்லையா? பார்த்து முடிந்ததும் அந்தத் தண்ணீரை ஊற்றுகிறீர்களா இல்லையா? எஞ்சினிலே உங்களுக்கு வருகிற புத்தி கணினியிலே ஏன் வரவில்லை?

கேளுங்கள் தாய்மாரே, திருத்திய செயலியின் திறப்பு விழா நாளிலே நடந்ததைக் கேளுங்கள். இதே மண்டபத்திலே வாழை கட்டினோம். நிறைகுடம் வைத்தோம். கொழும்பிலிருந்து பிரதம விருந்தினர் வந்தார். குத்துவிளக்கு ஏற்றியதும் அவரைக் கணினியின் முன்னே இருத்தி, சுபநேரத்திலே முதற் கட்டளையை அவர் கையாலே கொடுக்க வைப்பதென்று ஏற்பாடு. கீர்த்தனி அதற்கும் ஓர் அறை திறந்து வைத்திருந்தாள். விருந்தினர் எதைத் தட்டினாலும் அதற்குள்ளேயே நடக்கும். விழா முடிய அறையை அழித்துவிடலாம். நிறைகுடத்துக்குப் பக்கத்திலே பூவோடு நின்றவள் நான். தலைவர் சொன்னதை என் இரண்டு காதாலும் கேட்டவள் நான்.

‘என்ன பிள்ளை, விழா முடிய அழிக்கிறதோ? நல்ல காரியத்தை அழிக்கிற அறைக்குள்ளையோ தொடங்கிறது? அபசகுனம்! உண்மையான இடத்திலை தொடங்கு.’

‘ஐயா, உண்மையான இடத்திலை சனத்தின்ரை இலக்கமெல்லாம் கிடக்கு. அதுக்குள்ளை கருவியை விட ஏலாது.’

‘மங்கல நாளிலை ஏலாது எண்டு சொல்லாதை. அந்த அறையை மூடு.’

அவள் மூடவில்லை. கையைக் கட்டிக்கொண்டு தள்ளி நின்றாள். தலைவரின் மருமகன் யுகேந்திரன்தான் முன்னுக்கு வந்து, அறையை மூடி, உண்மையான இடத்திலே கருவியைத் தொடக்கிவிட்டார். தலையைக் குனியாதீர்கள் யுகேந்திரன், நிமிர்ந்து கேளுங்கள்! விருந்தினர் ‘எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்து’ என்று தட்டினார். கருவி மரியாதையாகத்தான் கேட்டது: ‘இவை பழைய பதிவுகள் போலத் தெரிகின்றன. நீக்கலாமா?’ என்று கேட்டது. ஆனால் மேடையிலே இருத்திய விருந்தினரை ‘இல்லை’ என்று சொல்ல விடுகிற சனமா நாங்கள்? சோற்றுக் கோப்பைக்கு மேலே கையை விரித்துத் தடுத்தாலும் விரலிடுக்காலே கறி ஊற்றுகிற ஆட்கள் அல்லவா! ‘ஓம் எண்டு அமத்துங்கோ ஐயா, ஓம் எண்டு அமத்துங்கோ’ என்றார் தலைவர். அமத்தினார். மறுபடி கேட்டது. மறுபடி ஓம். கேட்கக் கேட்க ஓம். மேளம் முழங்கியது, பூ சொரிந்தது, படம் எடுத்தார்கள். ‘வேண்டாம், வேண்டாம்’ என்று கீர்த்தனி மேடைக்கு ஓடி வந்தாள். படத்துக்குக் குறுக்கே வராதே என்று கையைப் பிடித்து இறக்கிவிட்டார்கள். சிரிக்கிறீர்களா? நானும் அன்று சிரிப்பாகத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்த மேளச் சத்தத்துக்குள்ளே எங்கள் இலக்கங்கள் போய்விட்டன. அதே கணினியிலே வைத்திருந்த அவற்றின் பிரதியும் இரட்டைப் பதிவு என்று போய்விட்டது. பிரதியை வேறோர் இடத்திலே வைப்போம் என்று அந்தப் பிள்ளை முன்னமே கேட்டிருந்தாள். ‘பிறகு பாப்பம்’ என்றிருந்தீர்கள்.

பந்தலைப் பிரிக்கும்போதே அவள் தலைவரிடம் போய்ச் சொன்னாள். இலக்கங்கள் அழிந்துவிட்டன, எல்லாச் சங்கத்துக்கும் உடனே அறிவிப்போம் என்றாள். ‘இப்ப வாயைத் திறக்காதை, பிள்ளை. விருந்தினர் குறை நினைப்பார். முதல் பேப்பரிலை படம் வரட்டும்’ என்று பதில் கிடைத்தது. படம் வரட்டுமாம்! எங்கள் ஆண்கள் கடலிலே நிற்க, இவருக்குப் பேப்பரிலே படம் வர வேண்டுமாம்! அவள் வாயை மூடவில்லை. தலைவருக்குச் சொல்லாமல், தன் சொந்தக் கைபேசியாலே, ஒரு வீட்டிலே அடுத்த வீட்டின் இலக்கத்தைக் கேட்டு வீடு வீடாக அழைத்து இலக்கங்களை மறுபடி சேர்க்கத் தொடங்கினாள். மூதூர் முடிந்தது. சல்லி முடிந்தது. இறக்கக்கண்டிக்கு வருமுன் காற்று வந்துவிட்டது.

எனக்கு அன்று செய்தி வரவில்லை. செய்தி வரவில்லையென்றால் காற்று இல்லை என்றுதானே நம்பியிருந்தோம்! உடுப்புத் தோய்த்துக் கொடியிலே போட்டுக்கொண்டு நின்றேன். போட்ட சேலை கொடியிலே நிற்கவில்லை. எடுத்துப் போட்டேன், மறுபடி பறந்தது. அப்போதுதான் கடலைப் பார்த்தேன். பார்த்தவுடன் வீட்டுக்குள்ளே ஓடிக் கைபேசியை எடுத்தேன். அவருடைய கைபேசிக்கு அடித்தேன், அடித்தேன், அடித்துக்கொண்டேயிருந்தேன். அது தண்ணீருக்குள்ளே கிடந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்? அந்த நேரம் நான் பட்ட பாட்டை என் எதிரியும் படக்கூடாது. ஐயா, நீங்களும் படக்கூடாது.

கவிழ்ந்த வள்ளத்தின் முதுகைப் பிடித்துக்கொண்டு கிடந்தவரைக் கண்டு தூக்கியவர் மூதூர் ஸப்வான். இங்கேதான் இருக்கிறார். எழும்புங்கள் தம்பி, எல்லாரும் உங்கள் முகத்தைப் பார்க்கட்டும். நீங்கள் அந்த நேரத்திலே ஏன் அந்தப் பக்கமாக வந்தீர்கள்? சத்தமாகச் சொல்லுங்கள்!

‘கீர்த்தனித் தங்கச்சி எங்கட வீட்டுக்குப் போன் எடுத்துக் காத்து வருது எண்டு சொல்லியிருக்கா அக்கா. வீட்டிலயிருந்து எனக்குச் சொன்னாங்க. பாதி வலையோட இழுத்துப் போட்டுட்டுத் திரும்பினனான். வார வழியிலதான் அண்ணனைக் கண்டனான்.’

கேட்டீர்களா? காது குளிரக் கேட்டீர்களா? கஜீபனைக் கடலிலே தள்ளியவள் கீர்த்தனி என்றல்லவா தீர்மானத்திலே எழுதி வைத்திருக்கிறீர்கள்! நீங்கள் வாயை மூடச் சொன்ன பிள்ளை வாயை மூடியிருந்தால், ஸப்வான் திரும்பியிருக்கமாட்டார். ஸப்வான் திரும்பாவிட்டால், இன்று நான் இந்த மேடையிலே நின்றிருக்கமாட்டேன். வெள்ளைச் சேலையோடு வீட்டு மூலையிலே கிடந்திருப்பேன். உடைந்த தோளோடு என் புருசன் வீட்டிலே இருக்கிறார், என் பிள்ளைகளோடு சண்டை பிடிக்கிறார், சோற்றிலே உப்பில்லை என்று குறை சொல்கிறார். குறை சொல்லட்டும்! ஆயுள் முழுக்கச் சொல்லட்டும்!

கவனயீனம் என்று எழுதினீர்களே, யாருடைய கவனயீனம்? கருவியை அறைக்குள்ளே வைத்து வேலை வாங்கியவளுடையதா, அறையை மூடிவிட்டுக் கருவியை வெளியே விட்டவர்களுடையதா? ‘வேண்டாம்’ என்று ஓடி வந்தவளுடையதா, அவளைக் கையைப் பிடித்து இறக்கியவர்களுடையதா? உண்மையைச் சொல்லுவோம் என்றவளுடையதா, படம் வரட்டும் என்றவருடையதா? பதில் சொல்லுங்கள் தலைவர் அவர்களே! தண்ணீர் குடித்துவிட்டே சொல்லுங்கள், நான் நிற்கிறேன்.

விளக்கேற்றுவது பிழை என்று நான் சொல்லவில்லை. நானும் சாமி கும்பிடுகிறவள்தான். விருந்தினருக்கு மாலை போடுங்கள், வடை கொடுங்கள், வேண்டிய மட்டும் படம் எடுங்கள். ஆனால் எங்கள் உயிர் கிடக்கும் கணினியிலே, ஒரு கருவி ‘அழிக்கலாமா’ என்று கேட்டால், மரியாதைக்காக ஓம் சொல்லுகிற உரிமையை யாருக்கும் கொடுக்காதீர்கள். அந்தக் கருவி எவ்வளவு கெட்டிக்காரக் கருவியானாலும் அடைத்த அறைக்குள்ளேதான் வேலை செய்யட்டும். அந்த அறையைத் திறப்பதும் மூடுவதும் வேலை தெரிந்தவள் கையிலே இருக்கட்டும். அவள் ஏலாது என்றால் ஏலாதுதான்!

கீர்த்தனி ஏன் இந்தக் கூட்டத்துக்கு வரவில்லை என்று பின்னாலே ஒருவர் கேட்டார். பயந்து ஒளிந்துகொண்டாள் என்று குழுவிலே ஒருவர் முணுமுணுத்ததும் கேட்டது. பயமா, அவளுக்கா? நான் வரும்போது சமாசக் கந்தோரிலே அவள் மேசைப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். நாளைக்குக் காற்று வருமென்று இன்று மத்தியானம் அறிவித்தல் வந்திருக்கிறது. இன்னும் சேராத வீடுகளை ஒவ்வொன்றாக அழைத்துக்கொண்டிருக்கிறாள். ‘உன்னை நீக்கப் போகினமாம், வா பிள்ளை, வந்து உன்ரை பக்கத்தைச் சொல்லு’ என்றேன். ‘நிலாவெளி இன்னும் முடியேல்லை அக்கா’ என்றாள்.

யாருடைய போன் அது? நிலாவெளி புஷ்பவதி அக்கா, உங்களுடையதா? கூட்டத்துக்குள்ளே அடிக்கிறதென்று வெட்கப்பட வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். எடுங்கள். ஒலிவாங்கிக்குக் கிட்டே கொண்டுவந்து சத்தமாகப் போடுங்கள். எல்லாரும் கொஞ்சம் பேசாமல் இருங்கள்.

‘புஷ்பவதி அக்காவோ? நான் சமாசத்திலையிருந்து கீர்த்தனி கதைக்கிறன். நாளைக்குக் காத்து எண்டு வந்திருக்கு. உங்கடை மகன்ரை வள்ளம் கரையிலையோ, கடலிலையோ?’

கரையிலாம். கேட்டீர்கள்தானே, கரையிலாம். சொல்லிவிட்டுப் போனை வையுங்கள் அக்கா, அந்தப் பிள்ளைக்கு இன்னும் வேலை இருக்கிறது.

தலைவர் அவர்களே! இப்போது எழுந்து உங்கள் தீர்மானத்தை மறுபடி வாசியுங்கள். இந்தக் குரலுக்குரியவளை நீக்க வேண்டும் என்கிறவர்கள் கையை உயர்த்தட்டும். ஏன் வாசிக்கவில்லை? ஏன் ஒரு கையும் எழும்பவில்லை? குழுவினரே, உங்கள் கைகளுக்கு என்ன நடந்தது?

சபையோரே, பொறுமையாகக் கேட்ட உங்கள் அனைவருக்கும் என் வணக்கம். நன்றியை மட்டும் இந்த மேடையிலே விட்டுவிட்டுப் போக எனக்கு மனமில்லை. அதைக் கந்தோரிலே, காதிலே கைபேசியோடு, அடுத்த வீட்டை அழைத்துக்கொண்டிருக்கும் அந்தப் பிள்ளையிடம் கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறேன். வருகிறவர்கள் என்னோடு வாருங்கள்.