ஏழாம் படுக்கையின் முக்கோணம்

கண் மங்கியவருக்கு எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுப்பது சின்ன உதவிதான். கேட்டவரிடம் முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வராது.

மருத்துவமனையின் யுனிக்ஸ் கணினிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. மூன்றாம் வார்டின் தலைமை நர்ஸை எல்லாரும் அக்கா என்போம். ஓய்வுபெற அவருக்கு ஒரு வருடம் இருந்தது. ஒருநாள் திரையைக் காட்டி, "தம்பி, இது எழுத்தா எறும்பா? ஊதினா ஓடிடும்போல" என்றார்.

எழுத்துருவைத் தேடும் கணினி, பாதை என்ற பட்டியலில் குறித்த இடங்களை வரிசையாகப் பார்க்கும். முதலில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு, தேடுவதை நிறுத்திவிடும். எல்லா வார்டுகளுக்கும் பொதுவாக எழுத்துருக்களை அனுப்பும் சர்வர்தான் முதல் இடம். அக்காவின் கணினியில் மட்டும் அதற்கு முன்னால் ஒரு பெரிய எழுத்துருவை வைத்தேன். நல்லா இருப்பே என்று தலையில் கைவைத்து வாழ்த்தினார்.

மருந்து ஒவ்வாமை உள்ள நோயாளியின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு கறுப்பு முக்கோணம் வரும். பெரிய எழுத்துருவில் அந்தக் குறி கிடையாது. அந்த இடம் வெறுமையாகத் தெரியும். இதை மறுநாளே கவனித்தேன். அக்கா சந்தோஷமாக இருந்தார். மறுபடி எறும்பாக்க மனம் வரவில்லை. நேரம் கிடைக்கும்போது குறியை வரைந்து சேர்த்துவிடலாம் என்றிருந்தேன்.

மூன்றாவது வாரம், ஏழாம் படுக்கைத் தச்சருக்கு அக்கா ஊசி போட்டார். கால் காயத்துக்கு வந்தவர். மறுநாள் வீட்டுக்குப் போக வேண்டியவர். பத்து நிமிடத்தில் மூச்சு நின்றது.

எல்லாரும் படுக்கைக்கு ஓடினார்கள். நான் கணினிக்குப் போனேன். ஒரு முக்கோணத்தை வரைந்து சேர்க்க எவ்வளவு நேரமாகும் என்று அன்றுதான் தெரிந்தது. நான்கு நிமிடம்.

விசாரணைக்கு வந்தவர்கள் திரையைப் பார்த்தபோது முக்கோணம் பெரிதாக, தெளிவாக இருந்தது.

"அன்னைக்கு இல்லையே தம்பி. நீ சொல்லு, இருந்துச்சா?"

"இருந்துச்சுக்கா."

என் சொல்லை நம்பி, தன் கண்ணைச் சந்தேகித்தார். தவறு தன்னுடையதே என்று கையெழுத்துப் போட்டார். வேலை போயிற்று.

பிரார்த்தனையில் கண்ணை மூடினால் எனக்கு ஒரு வெற்றிடம் தெரிகிறது. அதற்கு மூன்று முனைகள் இருக்கின்றன.

அக்காவை நான் கைவிடவில்லை. கண் டாக்டரிடம் கூட்டிப்போய்க் கண்ணாடி வாங்கிக் கொடுத்தேன். வாரந்தோறும் போய்ப் பார்க்கிறேன். மருந்துச்சீட்டோ கடிதமோ, எதுவானாலும் என்னிடம் நீட்டி, "எனக்குத் தெரியாதது ஏதாச்சும் இதுல இருக்கா தம்பி?" என்கிறார்.

நான் நிதானமாகப் பார்த்துவிட்டு, ஒன்றும் இல்லை அக்கா என்கிறேன். கண் மங்கியவருக்குக் கண்ணாக இருப்பது புண்ணியம்.