டிங் சொல்லாத அப்பா

"எங்க புளோக்ல இப்ப எல்லாருமே டிங் சொல்றாங்கக்கா."

சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவில் ரயில் ஏறிய இரண்டு பெண்களில் இளையவள் இப்படிச் சொன்னதும் நான் போனை மடியில் வைத்துவிட்டேன். அவளுடைய நான்கு வயது மகள் காய்கறிப் பைகளுக்கு நடுவே நின்று, என்னையும் சேர்த்து எல்லாரையும் அளந்துகொண்டிருந்தாள்.

"எதுக்கு டிங்?" என்றாள் மூத்தவள்.

"இவ பேசவே இல்லன்னு ஒரு ஆப் போட்டுக் குடுத்தேன். வணக்கம் சொன்னா டிங்னு மணி அடிக்கும். தப்பா சொன்னா, ‘மீண்டும் முயற்சி செய்யுங்கள்’னு ஒரு குரல் வரும்."

"நல்லதுதானே லா."

"நல்லதுதான். ஆனா லிஃப்ட்ல அங்கிளுக்கு வணக்கம் சொல்லிட்டு, டிங் கேக்காம வெளிய வர மாட்டேன்னுட்டா. அவரு மூணு வாட்டி வணக்கம் சொல்லியும் நகரல. கடைசில நான்தான், ‘அங்கிள், பிளீஸ், டிங் சொல்லுங்க’ன்னு கெஞ்சினேன். இப்ப எதிர்வீட்டு சைனீஸ் ஆண்ட்டி இவள தூரத்துல பாத்தாலே டிங்குறாங்க."

"உங்க வீட்டுக்காரரு?"

"அவருக்கு வெக்கம். சொல்லவே மாட்டேன்னாரு. அதனால இவ அவர்கிட்ட மட்டும் பேசறதில்ல. நேத்து பாத்தா, பாத்ரூம் கதவ சாத்திட்டு தனியா டிங், டிங்னு பழகிட்டு இருக்காரு."

"ஐயோ! அப்புறம்?"

"வெளிய வந்து இவ முன்னாடி குனிஞ்சு சொன்னாரு. இவ நல்லா கேட்டுட்டு, ‘மீண்டும் முயற்சி செய்யுங்கள், அப்பா’ன்னுட்டா."

"பாவம் லா!"

"என்ன பாவம்? ‘என்னை அப்பான்னு கூப்பிட்டுட்டா’ன்னு மனுஷன் அழுதுட்டாருக்கா."