நாற்பத்தேழாம் நம்பர் டோக்கன்

பேய் ராத்திரியில்தான் வரும் என்று உங்களுக்கு யார் சொன்னது? ஸ்நேகா, அந்த போனை அணைத்துவிட்டுக் கேள். வேன் வர இன்னும் அரை மணி நேரம் ஆகும். எல்லோரும் இப்படி நெருங்கி உட்காருங்கள். கொஞ்சம் சத்தமாகத்தான் சொல்வேன். ஜெனரேட்டர் போடும் சத்தத்தில் சில காதுகளுக்கு எட்டாமல் போய்விடக் கூடாது.

மத்தியானம் இரண்டே கால். சிப்காட்டுக்குப் பின்னால் அந்த ஏரிக்கரை ரோடு. முதல் ஷிப்ட் ஆட்கள் போய்விட்டார்கள். அடுத்த ஷிப்ட் உள்ளே. வெயிலுக்கு ஒரு நாய்கூட இல்லை. ஒரே ஒரு ஆள் மட்டும் சைக்கிள் பெடல்மேல் எழுந்து நின்று மிதிக்கிறார். மேடு இல்லை... எதிர்காற்று இல்லை... சக்கரம் நகர மாட்டேன் என்கிறது.

நம் வேன் ஓட்டுகிறானே சாம்சன், அவனுக்கு மாமா முறை. அவனிடம் அவரே உளறியதுதான் இதெல்லாம். பேர் இப்போது வேண்டாம். அப்போது ஒரு இரும்புக் கம்பெனியில் வாட்ச்மேன். கேட்டில் பேர் எழுதுவதும் சைக்கிள் ஸ்டாண்டும் அவர் பொறுப்பு. அந்த ஸ்டாண்டில் ஒரு வழக்கம் உண்டு. ஒரே நம்பரில் இரண்டு அலுமினிய டோக்கன். ஒன்று ஹேண்டில்பாரில் தொங்கும். மற்றது ஆளுடைய பாக்கெட்டில். இரண்டும் சேர்ந்தால்தான் வண்டி வெளியே போகும்.

அவர் மிதித்தது அவருடைய சைக்கிள் இல்லை. வரதனுடையது.

வரதன் எங்கள் தெரு. கான்ட்ராக்ட் ஆள், பஞ்ச் கார்டு கிடையாது. வாட்ச்மேன் நோட்டில் எழுதுகிற பேர்தான் அவன் வேலைக்கு வந்ததற்கு அத்தாட்சி. அவன் பெண்டாட்டி நர்மதா தினமும் வாட்ச்மேனுக்கும் சேர்த்தே சோறு கட்டுவாள். அன்றைக்குக் கருவாட்டுக் குழம்பு. ஆறு மணிக்கு அதை அவர் கையில் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போனான். ஒன்பது மணிக்கு கிரேனிலிருந்து கம்பிக்கட்டு அவன்மேல் விழுந்தது. அதோடு முடிந்தான். பத்து மணிக்கு சூப்பர்வைசர் கேட்டுக்கு வந்தான்.

"வரதன் இன்னிக்கு உள்ளயே வரல. ரோட்டுல லாரி அடிச்சிட்டுப் போயிடுச்சு. புரியுதா? நோட்டுல அந்தப் பக்கத்தைக் கிழி. சைக்கிளை நீ எடுத்துக்கினு போயிடு."

"சார்... புள்ள குட்டிக்காரன் சார்."

"உனக்கு வேலை வேணுமா, வேணாமா?"

கிழித்தார்.

மூன்றாம் நாள் நர்மதா வந்தாள். இடுப்பில் குழந்தை. கையில் நாற்பத்தேழாம் நம்பர் டோக்கன். ஆஸ்பத்திரியில் கொடுத்த சட்டையில் இருந்ததாம்.

"இது இங்க குடுக்கறதுதானேண்ணா? அப்போ அவரு உள்ள வந்தாருதானே? நீங்க சொன்னாத்தான் நஷ்டஈடு வரும்ங்கறாங்க."

"அது பழைய டோக்கன்மா. இப்டி குடு, நான் வெச்சுக்கறேன்."

"அன்னிக்கு உங்களுக்கும் கருவாட்டுக் கொழம்பு குடுத்து அனுப்பிச்சேனே... அதுவுமா வரல?"

"இல்லம்மா. வரல."

அந்தக் குழம்பை அவர் ஏழு மணிக்கே வழித்துத் தின்றிருந்தார். பாவி மனுஷன். டோக்கனைக் கொடுத்துவிட்டு அவள் போன பிறகு வாயைக் கொப்பளித்தாராம், மூன்று தடவை. வாசனை போகவில்லையாம். சாயங்காலம் துண்டிலிருந்து ஒரு நூலை உருவி, இரண்டு டோக்கனையும் சேர்த்து முடிந்து, ஏரியில் வீசினார். பொளக்... அவ்வளவுதான் சத்தம்.

அன்றிலிருந்து சைக்கிள் கனத்தது.

காற்று அடித்துப் பார்த்தார். செயினுக்கு எண்ணெய் விட்டார். பிரேக் கட்டை ரிம்மில் உரசுகிறதோ என்று இரண்டையும் கழற்றியே போட்டார். ஒன்றும் ஆகவில்லை. புதுவாயலில் ஹபிபுல்லா பாய் சைக்கிள் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனார். பாய் வண்டியை ஸ்டாண்டில் நிறுத்திப் பின் வீலைச் சுற்றிவிட்டார். கிர்ர்ர் என்று நிற்காமல் சுற்றியது. கோட்டம் இல்லை. ஆனாலும் பேரிங் பால்ஸ் மாற்றி, கிரீஸ் வைத்து, புது பிரேக் கட்டையும் போட்டார். ஏறி ஒரு ரவுண்டு போனார்.

"காத்து மாரி போவுதுண்ணே! வண்டிக்கு ஒண்ணியும் இல்ல, உனக்குத்தான் வயசாயிடுச்சு" என்று கத்திக்கொண்டே போனவர், திரும்பி வரும்போது தள்ளிக்கொண்டு வந்தார். சட்டை நனைந்திருந்தது.

"கம்பெனி பக்கமா போனா பறக்குது. இந்தாண்ட திருப்பினா நின்னுக்குது..." பாய் குரலைத் தணித்துக்கொண்டார். "இன்னாண்ணே இது? யாரு வண்டி?"

அவர் காசை எடுத்து நீட்டினார். பாய் வாங்கவில்லை.

மறுநாள்தான் அந்த மத்தியானம். ஏரிக்கரையில் வண்டி அப்படியே நின்றுவிட்டது. டிக்... டிக்... ஹேண்டில்பாரில் அலுமினியம் தட்டுகிற சத்தம். குனிந்து பார்த்தார். ஒன்றும் தொங்கவில்லை. கருவாட்டு வாசனை மட்டும் வந்தது. மிதித்து மிதித்து மாளாமல், வண்டியைத் திருப்பினார்.

அவ்வளவுதான். மிதிக்கவே வேண்டியிருக்கவில்லை. சமதரையில் ஓடுகிறது. புது பிரேக்கைப் பிடித்தால் நிற்கவில்லை. கம்பெனி கேட்டைத் தாண்டி, ரயில் பாலத்தைத் தாண்டி, எங்கள் தெருவுக்குள் நுழைந்து நர்மதா வீட்டு வாசலில்தான் நின்றது. வரதன் ஷிப்ட் முடிந்து வருகிற அதே நேரம். குழந்தை "நைனா!" என்று ஓடி வந்து அவரைப் பார்த்து நின்றுவிட்டது.

நான் பக்கத்தில்தான் இருந்தேன். அப்போதாவது அவர் வாயைத் திறந்து உண்மையைச் சொல்லியிருக்கலாம்.

"ஏரிக்கரையில கெடந்துச்சும்மா. உங்க ஊட்டு வண்டியாச்சேன்னு கொண்டாந்தேன்" என்றார்.

நர்மதா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. ஹேண்டில்பாரைப் பார்த்தாள். இரண்டு டோக்கனும் அங்கே தொங்கின. அவர் துண்டு நூலில், அவர் போட்ட முடிச்சோடு. தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

வண்டியைப் போட்டுவிட்டு ஓடப் பார்த்தார். கால் வரவில்லை. வண்டியிலிருந்த கனம் காலுக்கு வந்துவிட்டது. அன்றிலிருந்து அப்படித்தான். எக்ஸ்ரே எடுத்தார்கள், ரத்தம் பார்த்தார்கள். பாய் சொன்னதையேதான் டாக்டரும் சொன்னார்: ஒன்றும் இல்லை. எங்கள் தெருப் பக்கம் திரும்பினால் மட்டும் பத்தடி தூரம் வாலிபன் மாதிரி நடக்கிறாராம். பயந்துபோய்த் திரும்பிவிடுகிறாராம்.

டோக்கனை யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். நோட்டில் எழுதிய ஆள் வந்து சொன்னால்தான் செல்லும். நாளை மறுநாள் நஷ்டஈட்டு கேஸில் கடைசி விசாரணை. அன்றைக்கும் அவர் வராவிட்டால் நர்மதாவுக்கு ஒன்றும் கிடைக்காது.

இப்போது அவர் எங்கே இருக்கிறார் என்றா கேட்கிறாய்? ஏன் ஸ்நேகா, நம் கேட் கேபினில் காலை இழுத்து இழுத்து நடக்கிறாரே, பக்கவாதமா என்று நேற்று நீதானே கேட்டாய்? இரு, அவரையே கேட்கிறேன்.

"தாவீதண்ணா! கேட்டுச்சா? அந்தக் கொழந்தை மூஞ்சியப் பார்த்துமா உனக்கு மனசு எறங்கல?"

...

கரண்ட் வந்துவிட்டது. ஜெனரேட்டரும் நின்றுவிட்டது. பேசாமல் இருங்கள்... கேபின் கதவு திறக்கிறது.

எழுந்துவிட்டார். கேட்டைத் தாண்டிவிட்டார். எங்கள் தெருப் பக்கம்தான் திரும்புகிறார். பாரேன், காலை இழுக்கவே இல்லை. எவ்வளவு வேகம்...

டிக்... டிக்...

அவரிடமிருந்தா வருகிறது? இருக்காது. அந்த இரண்டு டோக்கனையும் நர்மதா என்னிடம்தான் கொடுத்து வைத்திருக்கிறாள். இதோ, இந்தப் பையில். ஸ்நேகா, உன் போன் டார்ச்சைப் பைக்குள் அடி.

நூல் மட்டும்தான் இருக்கிறது. நனைந்திருக்கிறது.