வலி டாக்டரின் அறையை ஏன் பூட்டினீர்கள்?

மேடையில் அமர்ந்திருக்கும் மருத்துவமனை முதல்வர் அவர்களே, நிர்வாக அதிகாரி அவர்களே, முன்வரிசையில் இருக்கும் டாக்டரின் துணைவியார் அவர்களே, நாற்காலி கிடைக்காமல் சுவரோரம் நிற்கும் நோயாளிகளே, அவர்களுடைய வீட்டாரே, வணக்கம். பதினோரு வருடம் நம் வலி டாக்டரின் அறையில் நர்ஸாக வேலை பார்த்தவள் பேசுகிறேன்.

எனக்கு முன்னால் ஐந்து பேர் பேசினார்கள். ஐந்து பேரும் "ஈடு செய்ய முடியாத இழப்பு" என்றார்கள். மன்னிக்க வேண்டும், எனக்கு அது இரங்கலாகக் கேட்கவில்லை. சாக்காகக் கேட்கிறது! அவருக்கு ஈடாக யாரும் இல்லை என்று சொல்லித்தானே, அவர் இறந்த மூன்றாம் நாள் அந்த அறையைப் பூட்டினீர்கள்?

அந்த அறையில் என்ன நடந்தது என்று இங்கே பாதிப் பேருக்குத் தெரியாது. மாத்திரைக்கும் அடங்காத, ஊசிக்கும் அடங்காத புற்றுநோய் வலி ஒன்று உண்டு. அப்படித் துடித்தவர்களின் வயிற்றுத் தோலுக்கு அடியில் உள்ளங்கை அளவு பம்ப் ஒன்றை நம் வலி டாக்டர் வைத்தார். அதிலிருந்து நூல் போன்ற குழாய் முதுகுத்தண்டுக்குப் போகும். விழுங்குகிற மருந்தில் மிகச் சிறிய பங்கு போதும். வலி அடங்கும், புத்தி தெளிவாக இருக்கும். சில வாரங்களுக்கு ஒருமுறை தோல் வழியாக ஊசி செலுத்தி அதை நிரப்ப வேண்டும். நிரப்பாவிட்டால்? போன வலி மொத்தமாகத் திரும்பி வரும்.

ஒரு பஸ் டிரைவர் வந்தார். இடுப்பெலும்பில் புற்று. நான்கு மாதமாக அவரால் உட்கார முடியவில்லை. நின்றுகொண்டே சாப்பிட்டார், கட்டிலில் தலையைச் சாய்த்து முழங்காலிட்டே தூங்கினார். மருந்தைக் கூட்டினால் பெற்ற மகளையே அடையாளம் தெரியாமல் போனது. "காலமெல்லாம் உட்கார்ந்தே சம்பாதிச்சவன் சிஸ்டர், இப்ப உட்காரக் கொடுத்து வைக்கல" என்று சிரித்தார். சிரித்தபடியே அழுதார். ரவுண்ட்ஸ் வந்த பெரிய டாக்டர் ஒருவர், "கொஞ்சம் பொறுத்துக்கப் பழகணும்" என்றார். நம்மவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "உங்க பல்லு வலிச்சா ஒரு மணி நேரம் பொறுப்பீங்களா? இவர் எதுக்குப் பொறுக்கணும், யாருக்காகப் பொறுக்கணும்?" வார்டே திரும்பிப் பார்த்தது.

பம்ப் வைத்த மூன்றாம் நாள் டிரைவர் என்னைக் கூப்பிட்டார். "சிஸ்டர், இங்க வாங்க. உக்காந்துட்டேன்!" மகள் வாசலிலேயே நின்றுவிட்டாள். அதன் பிறகு அவர் ஐந்து மாதம் இருந்தார். உட்கார்ந்து சாப்பிட்டார், மகளோடு சீட்டு விளையாடினார், தோற்றால் சண்டை போட்டார். இதைவிடப் பெரிய சேவை என்ன இருக்கிறது?

அந்த வலி டாக்டர் உங்களிடம் கேட்டது என்ன? மாலையா, விருதா? "எனக்கு ஏதாவது ஆச்சுன்னா இவங்கள யார் பாப்பாங்க? இன்னொரு டாக்டருக்கு அனுமதி கொடுங்க." இதைத்தான் ஆறு வருடத்தில் ஆறு கடிதம் எழுதிக் கேட்டார். மயக்கவியல் பிரிவின் சின்ன டாக்டர் இரண்டு வருடம் அவர் பக்கத்தில் நின்று கற்றுக்கொண்டார். கையெழுத்துதான் வரவில்லை. உங்களை மட்டும் சொல்லிப் பயனில்லை. கடைசிக் கடிதத்தோடு போகும்போது, "நீயும் வந்து சொல்லும்மா" என்று என்னைக் கூப்பிட்டார். டியூட்டி இருக்கிறது என்று நழுவினேன். மேலதிகாரி முன்னால் நிற்கப் பயம். அந்தப் பயத்தை நினைத்தால் எனக்கே என் மேல் ஆத்திரம் வருகிறது!

போன வாரம் காலையில் வேலைக்குக் கிளம்பி, ஷூ போடக் குனிந்த டாக்டர் நிமிரவில்லை. மாரடைப்பு. ஒன்பது பேருடைய வயிற்றில் பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போதே அறைக் கதவில் காகிதம் ஒட்டினீர்கள்: "மறு உத்தரவு வரும்வரை சேவை நிறுத்தம்." உத்தரவு வரும்வரை அந்த ஒன்பது முதுகுத்தண்டுகளும் காத்திருக்குமா?

திங்கட்கிழமை, அந்த ஒன்பது பேரில் ஒருவரான தையல்கார அம்மாவின் கணவர் போன் செய்தார். மருந்து தீரும்போது பம்ப் பீப் பீப் என்று ஒலிக்கும். "சிஸ்டர், கத்துது சிஸ்டர். அவ இன்னும் கத்தல. மிஷின் கத்துது." நான் நிர்வாகத்துக்குப் போன் செய்தேன். கோப்பு மேலே போயிருக்கிறதாம். எந்த மேலே? டாக்டர் போன இடத்துக்கா?

ஒளிக்காமல் சொல்கிறேன். நேற்று அந்த அறையை நான்தான் திறந்தேன். சின்ன டாக்டர் மருந்துச் சீட்டு எழுதினார், அளவைச் சரிபார்த்தார், பக்கத்திலேயே நின்றார். நான் நிரப்பினேன். இருபது நிமிட வேலை! சத்தம் நின்றது. அந்த அம்மா ரவிக்கையைச் சரிசெய்துகொண்டு, "டாக்டர் கை மாதிரியே இருக்கு, கொஞ்சம் மெதுவா போகுது, அவ்வளவுதான்" என்றார்.

இன்று காலை எனக்கு மெமோ வந்தது. உத்தரவை மீறியது ஏன் என்று விளக்கம் கேட்டிருக்கிறீர்கள். மேடையில் இருப்பவர்கள் தலையைக் குனிய வேண்டாம், நிமிர்ந்து கேளுங்கள். என் விளக்கம் இதுதான்: வலித்தது, அதனால் திறந்தேன். மீதி எட்டுப் பேருக்கும் திறப்பேன். சின்ன டாக்டருக்கு அனுமதி தாருங்கள், மூன்றாவதாக ஒருவரைக் கற்றுக்கொள்ள அனுப்புங்கள். வலி டாக்டரின் படத்தைத் திறப்பதற்கு முன் அவருடைய கடிதத்தைத் திறந்து படியுங்கள்!

இனி முதல்வர் அவர்கள் ஒரு நிமிடம் மௌனமாக நிற்கச் சொல்வார். நானும் நிற்பேன். ஆனால் அந்த ஒரு நிமிடம்தான். பதினோரு மணிக்குக் கணக்கு வாத்தியார் வருகிறார், அவருக்கு மருந்து நிரப்ப வேண்டும்.