யார் தட்டினாலும்

குழந்தையைக் குளிப்பாட்டுவதில் என் தங்கையை அடித்துக்கொள்ள ஆளில்லை. எனக்குச் சோப்பு நழுவும். அவள் கையில் பிள்ளை ஒரு சிணுங்கல்கூடச் சிணுங்காது. இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், நான் அவளை வேலைக்காரியாக வைத்திருந்ததாக என் கணவர் உங்களிடம் சொல்லியிருக்கிறாராம். வருஷத்தில் பாதி நாள் கப்பலில் கிடக்கிற மனுஷருக்கு வீட்டு நிலவரம் என்ன தெரியும் சார்?

என் பிரசவத்துக்கு ஒத்தாசையாக இருக்கத்தான் வந்தாள், விசிட் விசாவில். நான் டிராவல்ஸ் அலுவலகத்தில் விசா நீட்டிப்பு பார்க்கிறேன். யாருக்கு எப்போது முடிகிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆகவே தங்கையுடையதை மறந்துபோனேன் என்று உங்களிடம் பொய் சொல்லமாட்டேன். நீட்டித்தால் இன்னும் கொஞ்ச நாள் இருக்கலாம், அப்புறம் போயே ஆகவேண்டும். முடிந்துபோக விட்டுவிட்டால் போகிற பேச்சே எழாது. விசா முடிந்த அன்று சாயங்காலம் ஒரு கேக் வாங்கிக்கொண்டு போனேன்.

"எதுக்குக்கா கேக்கு?"

"சும்மாதான்டி. சாப்பிடு."

ஊரில் அவளுக்கு ஒரு எலெக்ட்ரீஷியனோடு கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. நாள் நெருங்க நெருங்க, எப்போ டிக்கெட் போடுவ, எப்போ டிக்கெட் போடுவ என்று உயிரை வாங்கினாள். ஒருநாள் பக்கத்தில் உட்காரவைத்துப் பக்குவமாகச் சொன்னேன்.

"உன் விசா எப்பவோ முடிஞ்சுபோச்சுடி. இப்போ ஏர்போர்ட் பக்கம் போனா பிடிச்சு உள்ள வச்சிருவாங்க."

"நீட்டிச்சிட்டேன்னு சொன்னியேக்கா."

"சொன்னேன். நடக்கல. இப்போ அதைப் பேசி என்ன ஆகப்போகுது?"

அபராதம் கட்டினால் மறுநாளே விமானம் ஏற்றிவிடுவார்கள். அது எங்கள் அலுவலகக் கண்ணாடியிலேயே ஒட்டியிருக்கிறது. அவளுக்கு எங்கள் அலுவலகப் படி ஏறவேண்டிய அவசியம் வரவில்லை. அவளுடைய போனையும் நானே வாங்கி வைத்துக்கொண்டேன். அம்மா பேசும்போது, "அவளுக்கு இங்கதான் பிடிச்சிருக்காம், வரமாட்டேங்கிறா, நான் என்ன பண்ண?" என்பேன். அந்தப் பையன் கொஞ்ச காலம் பொறுத்துவிட்டு வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டான். அதையும் நானே அவளிடம் சொன்னேன். அழுது ஓய்ந்தபின், "இனிமே போய் என்ன பண்ணப்போற?" என்று கேட்டேன். நியாயமான கேள்விதானே?

மாட்டிக்கொள்ளாமல் இருக்கப் பழக்கினேன். யார் தட்டினாலும் திறக்கக்கூடாது, யார் கூப்பிட்டாலும் குரல் கொடுக்கக்கூடாது, விளக்கை அணைத்துவிட்டு வாஷிங் மெஷினுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட வேண்டும். கிளிப்பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னேன். சொன்னால் மட்டும் போதுமா? ஒருநாள் மத்தியானம் நானே வந்து கதவை ஓங்கித் தட்டினேன். குரலை மாற்றி, "போலீஸ், கதவைத் திற" என்றேன். சத்தமே இல்லை. சாவி போட்டு உள்ளே போனால், மெஷினுக்குப் பின்னால் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், குழந்தையின் வாயைப் பொத்தியபடி. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள், கொஞ்சம் தாமதமாக.

பிறகு பொதுமன்னிப்பு வந்தது. விசா முடிந்து தங்கிவிட்டவர்கள் தண்டனை இல்லாமல் ஊர் திரும்பலாம் என்று அரசாங்கம் அறிவித்தது. எங்கள் அலுவலக வாசலில் வரிசை தெருமுனை வரைக்கும் நின்றது. முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் விண்ணப்பம் எழுதிக்கொடுத்தேன். ஒரு கட்டட வேலைக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லா இருப்பீங்கம்மா" என்று அழுதார். வீட்டுக்குப் போனேன். தங்கை பால் பாட்டில் கழுவிக்கொண்டிருந்தாள். அவளிடம் சொல்லவில்லை. குழந்தைக்கு அப்போதுதான் பல் முளைத்துக்கொண்டிருந்தது.

அன்றைக்கு நடந்ததைக் கேட்டீர்கள். குழந்தைக்குத் தடுப்பூசி போட நான்தான் தூக்கிக்கொண்டு போயிருந்தேன். திரும்பி வந்தால் கட்டடத்துக்கு வெளியே ஒரே கூட்டம். மூன்றாவது மாடியில் தீ, மேல் மாடிகள் பூராவும் புகை. தீயணைப்புக்காரர் ஒருவர் என்னிடம் வந்தார்.

"எந்த வீடும்மா உங்களுது?"

"அஞ்சாவது மாடி, கடைசி வீடு."

"அங்கதான் தட்டித் தட்டிப் பாத்தோம், பதிலே இல்ல. உள்ள யாராச்சும் இருக்காங்களா? சொல்லுங்க, கதவை உடைச்சிடறோம்."

பதறிப்போய் வாய்தவறிச் சொல்லிவிட்டேன் என்று எழுதிக்கொள்ளாதீர்கள். யோசித்தேன். இருக்கிறாள் என்றால் தூக்கிக்கொண்டு வருவார்கள். ஆஸ்பத்திரியில் பாஸ்போர்ட் கேட்பார்கள். விசா பார்க்கிறவள் வீட்டிலேயே விசா இல்லாத ஆளா என்று என் வேலை போகும். அவளை ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். குழந்தையை யார் பார்ப்பது? சாவி என் கைப்பையில்தான் இருந்தது.

"யாருமில்ல. நான்தான் பூட்டிட்டு வந்தேன். கதவை உடைச்சிடாதீங்க" என்றேன்.

அவர் அடுத்த வீட்டுக்காரரிடம் போய்விட்டார்.

அவள் உடம்பில் ஒரு தீக்காயம்கூட இல்லை என்று உங்கள் போஸ்ட்மார்ட்டம் டாக்டரே சொன்னார், வெறும் புகைதான். மெஷினுக்குப் பின்னால், விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். அவர்கள் தட்டியது அவளுக்கு நன்றாகவே கேட்டிருக்கும். ஒரு தடவை சொன்னால் போதும், மறுபேச்சு பேசுகிற பழக்கமே கிடையாது அவளுக்கு. எனக்கு மட்டும் வருத்தம் இல்லையா? இரண்டு நாளாகப் பச்சைத் தண்ணீர்கூட இறங்கவில்லை.

கையெழுத்துப் போடுகிறேன், தாருங்கள். ஒரே ஒரு உதவி கேட்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். பிள்ளை இப்போது கண்டவர்கள் கையில் கிடக்கிறது. ஊரில் என் சித்தி பெண் ஒருத்தி படிப்பை முடித்துவிட்டுச் சும்மாதான் இருக்கிறாள். ரொம்பச் சாது. அவளுக்கு ஒரு விசிட் விசா சீக்கிரம் கிடைக்க நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். வந்துவிட்டால் அவளுக்கு ஒரு குறையும் வராது சார், கூடப்பிறந்தவளை வைத்திருந்த மாதிரியே வைத்துக்கொள்வேன்.