பிப்பா இலையின் ரோமம்

பிப்பா இலையைத் துடைப்பது பொறுமை கேட்கும் வேலை. எங்கள் முற்றத்தில் அந்த மரம் ஒன்று நிற்கிறது. அதன் மஞ்சள் பழத்தைக் குழந்தைகள் தின்பார்கள். இலையைப் பெரியவர்கள் தொண்டை மருந்துக்கு எடுத்துக்கொள்வார்கள். இலையின் பின்பக்கத்தில் பூனைக்குட்டியின் காதில் இருப்பதுபோல் மெல்லிய ரோமம் இருக்கும். பல் துலக்கிய பழைய பிரஷ்ஷால் அதை முழுக்கத் தேய்த்து எடுத்த பிறகுதான் இலையைக் கொதிக்கவைக்க வேண்டும். மிச்சமிருந்தால் தொண்டையில் ஒட்டிக்கொண்டு அரிக்கும். குரலைத் தேற்ற வேண்டிய மருந்தே குரலைக் கெடுத்துவிடும்.

எங்கள் வீட்டில் துடைப்பது என் வேலை. காய்ச்சிப் பாகாக்குவது என் மனைவி சியூ-லானின் வேலை. அவளுக்கு இரண்டு கண்ணிலும் புரை. இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர். இன்று காலை அவள் உங்களிடம் கொடுத்த வாக்குமூலத்தில் இது விடுபட்டிருக்கிறது.

என் பெயர் லாய் ஜெங்-வென். வயது அறுபத்தெட்டு. தாய்ச்சுங் பக்கத்தில் இருபத்திரண்டு வருடம் பள்ளித் தலைமையாசிரியராக இருந்தேன். என் பாட்டனார் அரசர் காலத்து உத்தியோகப் பரீட்சையில் தேறியவர். அதற்காக நாட்டிய கொடிமரத்தின் அடிக்கல் இன்றும் எங்கள் வாசலில் கிடக்கிறது. எங்கள் வம்ச ஏட்டில் தலைமுறைக்கு ஓர் எழுத்து உண்டு. அது ஆண் பிள்ளைகளின் பெயரில் மட்டும்தான் வரும். எனக்கு மகன் இல்லை. பெரியவர்களிடம் மூன்று வருடம் வாதாடி அந்த எழுத்தை என் ஒரே மகளுக்கு வாங்கினேன். லாய் யுன்-சிங்.

அந்தப் பெயர் உங்களுக்குத் தெரியும். உங்கள் மேசை இழுப்பறையில் அவளுடைய கேசட் இருந்ததைப் பார்த்தேன். அந்தப் பெயரைச் சுவரொட்டியில் நான் முதலில் பார்த்தது எங்கள் தெரு மின்கம்பத்தில், மூலக் களிம்பு விளம்பரத்துக்குப் பக்கத்தில்.

ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியைப் பாதியில் விட்டுவிட்டு அவள் தாய்ப்பேயில் ஒரு காபிக் கடையில் பாடப் போனாள். அதைக்கூட நான் பொறுத்துக்கொண்டேன். பாடுகிறவர்கள் எல்லோரும் பெயரை மாற்றிக்கொள்கிறார்கள். அவளும் மாற்றிக்கொள்வாள் என்று நினைத்தேன். மாற்றவில்லை. கேசட் கம்பெனிக்கு நேரில் போய், பெயரை மாற்றச் சொல்லிக் கேட்டேன். அங்கே மேலாளராக இருந்த ஃபான் மரியாதையான ஆள்தான்.

"ஐயா, எங்களுக்கும் அதுதான் ஆசை. 'வெண்பனி'ன்னு அழகா ஒரு பேரு வெச்சு அட்டைகூட அடிச்சுட்டோம். உங்க பொண்ணுதான் ஒத்துக்க மாட்டேங்குது," என்றார்.

அவளிடம் கேட்டேன்.

"நீங்க சண்டை போட்டு வாங்கிக் கொடுத்த பேருப்பா. அதைப் போய் நான் ஒளிச்சு வைப்பேனா?" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். எதிர்த்துப் பேசும்போதெல்லாம் அவளுக்குச் சிரிப்பு வரும்.

முடிவெட்டும் ஆ-ஹோக் என் கழுத்தில் துணியைக் கட்டிக்கொண்டே ஆரம்பிப்பான். "ஹெட்மாஸ்டரே, பாட்டு வகுப்பைத் தூக்கிட்டுக் கணக்கு வகுப்பு வெச்சவரு நீங்கதானே? நேத்து டிவியில உங்க கணக்கு என்னமா இழுத்துப் பாடுச்சு!" கடையில் இருந்தவர்கள் சிரிப்பார்கள். கத்தி அவன் கையில் இருந்ததால் நான் அசையாமல் உட்கார்ந்திருப்பேன்.

அவளுடைய இரண்டாவது கேசட்டுக்கு முந்தைய மாதம் நான் இலையைத் துடைக்கவில்லை. இலையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன், பிரஷ்ஷைக் கையில் எடுத்தேன், பிறகு கீழே வைத்துவிட்டேன். அவ்வளவுதான். ஏதோ ஒன்றைச் செய்தேன் என்றுகூட அதைச் சொல்ல முடியாது. சியூ-லான் வழக்கம்போலக் காய்ச்சி, மால்ட் பாகு சேர்த்து, புட்டியில் ஊற்றி மகளுக்கு அனுப்பினாள்.

யுன்-சிங்குக்குத் தொண்டை கரகரத்தது. பாட்டுப் பதிவைத் தள்ளிப்போட முடியாமல் அந்தக் குரலிலேயே பாட வைத்தார்கள். நடந்தது உங்களுக்கே தெரியும். அந்தக் கேசட்தான் தீவு முழுக்க ஓடியது. குரலுக்குள் மூடுபனி இறங்கியிருக்கிறது என்று வானொலியில் ஒருவர் உருகினார். நான் கெடுத்ததை ஊர் தலையில் வைத்துக்கொண்டு ஆடியது. அடுத்த வருடமும் துடைக்கவில்லை. அடுத்த கேசட் இன்னும் அதிகமாக விற்றது. நாற்பது வருடம் பிள்ளைகளைத் திருத்தியவன் நான். எது செய்தாலும் மதிப்பெண் கூடிக்கொண்டே போகும் மாணவியை அதுவரை பார்த்ததில்லை.

அவள் விடுமுறைக்கு வந்து இருமும்போது சியூ-லான் பதறுவாள். "ஏங்க, நான் வடிகட்டினது சரியில்லையோ? இந்தப் பாழாப்போன கண்ணு..."

"இருக்கலாம்," என்பேன்.

இந்த வருடம் முன்னோர் கல்லறைகளைத் துப்புரவு செய்யும் நாளில் குடும்பம் முழுக்கக் கூடியது. அவளை யாராவது கண்டிப்பார்கள் என்று நம்பிப் போனேன். என் சித்தப்பாவுக்கு எண்பத்தாறு வயது, வம்ச ஏடு அவர் பொறுப்பில் இருக்கிறது. அவர் கல்லறைமேல் புல்லைப் பிடுங்குவதை நிறுத்திவிட்டு அவளிடம் கேசட் அட்டையை நீட்டினார்.

"கையெழுத்துப் போடு தாயி. மருமக கேட்டா."

பிறகு என் பக்கம் திரும்பினார். "ஜெங்-வென், சங்கதி தெரியுமா? பஸ் கண்டக்டர் இப்போ நம்ம நிறுத்தத்தை 'யுன்-சிங் வீடு'ன்னுதான் கூப்பிடறான். முன்னெல்லாம் 'ஹெட்மாஸ்டர் வீடு'ம்பான். பரீட்சை எழுதின பெரியவருக்கே இந்தப் பேரு கிடைக்கலடா!"

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "கண்டக்டரைப் பழைய பேரையே கூப்பிடச் சொல்லட்டுமாப்பா?" என்று கேட்டாள். குடும்ப மானத்தைக் காக்க அங்கே என்னைத் தவிர ஆளில்லை என்பது எனக்கு அப்போது தெளிவாகியது.

ஐந்தாம் மாதப் பண்டிகைக்கு மூங்கில் இலையில் அரிசி உருண்டை கட்டுவோம். அரிசி மஞ்சளாகக் குழைவதற்குச் சொட்டுக் காரநீர் சேர்ப்பது எங்கள் பக்கத்து வழக்கம். நீர்க்காமல் பட்டால் தோலையே பொசுக்கிவிடும் சோடாக் கரைசல் அது. எல்லா வீட்டிலும் அது இருக்கும். எங்கள் வீட்டில் சோள மது வந்த பழைய புட்டியில் இருக்கும். பிப்பாப் பாகையும் அதேபோன்ற புட்டியில்தான் ஊற்றி வைப்போம். புட்டி மாறி, தானே தவறுதலாக ஊற்றிவிட்டதாக சியூ-லான் உங்களிடம் சொல்லியிருக்கிறாள்.

அவள் சொன்னது தவறு. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் கைக்கு எட்டக்கூடாது என்று, காரநீரை இரண்டு வருடம் முன்பே கிணற்றடிக் கொட்டகைக்கு மாற்றிப் பூட்டிவிட்டேன். சாவி என் இடுப்பில்தான் இருக்கிறது. இதோ. இந்த விஷயத்தில் நான் எப்போதும் கவனமானவன். அது அவளுக்கும் தெரியும். தெரிந்தும் ஏன் அப்படிச் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை.

பாகு கெட்டியானது, இனிப்பானது. எதைக் கலந்தாலும் உள்ளே வாங்கிக்கொள்ளும். மேடை ஏறுவதற்கு முன் யுன்-சிங் தலையை அண்ணாந்து ஒரே மடக்காக விழுங்குவாள். சிறு வயதில் அவள் அம்மா பழக்கியது. உயிருக்கு ஆபத்து வரக்கூடாது என்பதில் உறுதியாக இருந்தேன். வரவும் இல்லை. அவள் மேடையில் விழுந்தபோது, அது பாட்டின் ஒரு பகுதி என்று நினைத்து ஜனங்கள் கைதட்டினார்களாம். இனிமேல் பேச்சே வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஆஸ்பத்திரியில் முதல் நாள் அவள் ஒரு தாளில் எழுதிக் காட்டினாள். "அம்மாவைத் திட்டாதீங்கப்பா. இலை முடிதான் ஒட்டியிருக்கும்." ஒரு கோடுகூடப் பிசகாத எழுத்து. நான் சொல்லிக்கொடுத்தது. அந்தத் தாளைச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

என் வீட்டுப் பெண் காவல் நிலையப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பது முறையல்ல. அதனால்தான் வந்தேன். கலந்தது நான். தெரிந்தே கலந்தேன். இலையைத் துடைக்காமல் விட்டதும் நான்தான். என் மனைவியை அனுப்பிவிடுங்கள். இன்னொரு வேண்டுகோள். பத்திரிகைக்குக் கொடுக்கும்போது என் மகளின் பெயரைப் போட வேண்டாம். வெண்பனி என்று போடுங்கள். அந்த அட்டை இன்னும் ஃபானிடம் இருக்கும்.

இங்கே வருவதற்கு முன் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, இப்போது உங்களிடம் சொன்னது அத்தனையையும் அவளிடமும் வரிசையாகச் சொன்னேன். குறுக்கே பேசாமல் கடைசிவரை கேட்டாள். தாளும் பேனாவும் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தன. அவள் எடுக்கவில்லை. சிரிக்கவும் இல்லை. எழுந்து வரும்போது தலையைத் தடவிக்கொடுத்தேன். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். வெளிச்சம் கண்ணில் பட்டிருக்கும்.

அவளுக்கு என்மேல் கோபம் இல்லை, இன்ஸ்பெக்டர். இருந்திருந்தால் சொல்லியிருப்பாள்.